ஊருக்குச் செய்த ஊழியத்தில் உங்களை இன்னும் விடாத சம்பவம் எது?

திருப்பூர் – பனியன் கம்பெனிக்காரர்:

2020 ஊரடங்கில் அரிசி, பருப்பு, எண்ணெய் கட்டிக் கொடுத்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. இங்கிருக்கும் பலரும் அதைத்தான் செய்தீர்கள். என் மனத்தை விட்டுப் போகாதது ஒரே ஒரு பை. ஒவ்வொரு பையின் மேலும் வேதவசனம் அச்சிட்ட தாளை ஒட்ட வேண்டும் என்று சபைக் கமிட்டியில் முடிவாகியிருந்தது. நொய்யல் கரைப் பக்கம் லைன் வீடு ஒன்றில் தனியாக இருந்த பாட்டி, நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து பையை வாங்கித் திண்ணையில் வைத்தார். பிறகு அந்தத் தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பி, கொஞ்சமும் கிழியாமல், நிதானமாக உரித்தெடுத்து என்னிடம் நீட்டினார். "இதெ நீங்களே வெச்சுக்கோங்க சாமி. கீழ உழுந்து கால்ல மிதிபட்டுதுன்னா எனக்குத்தானுங்க பாவம்" என்றார்.

கூட வந்த இளைஞர், பாட்டி வசனத்தைத் தள்ளிவிட்டார் என்று சபையில் வந்து சொன்னார். தள்ளுகிறவர் அவ்வளவு பக்குவமாக உரிப்பாரா என்பது என் கேள்வி. அதே சமயம், வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்காமல் என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார் என்பதும் உண்மைதானே. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்ததுண்டா?

ஈரோடு – ஓய்வுபெற்ற ஆசிரியை:

பிரப் ரோட்டுக்கு மீனாட்சி சுந்தரனார் சாலை என்று பெயர் மாற்றியும் ஊரில் பலர் பழைய பெயரை விடவில்லை. லண்டன் மிஷனுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரி பிரப் ஐயரின் நினைவாலயத்தில் ஞாயிறு பள்ளி படித்தவள் என்பதால், "சேவை" என்று மேடையில் யாராவது தொடங்கினாலே எனக்குச் சற்று அலுப்புத் தட்டும். ஆனாலும் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாங்கள் சிலர், கூடமாட ஆளில்லாத நோயாளிகளுக்காக அரசு ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய் வருகிறோம். கஞ்சி வாங்கிக் கொடுப்பது, ஸ்கேன் எடுக்க ஸ்ட்ரெச்சரோடு நடப்பது, மாத்திரைச் சீட்டைப் படித்துச் சொல்வது, அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்து 108 ஆம்புலன்ஸில் வந்து சேர்ந்த முதியவர் ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு மேல் நான்தான் கஞ்சி ஊட்டினேன். ஒரு நாள் நர்ஸ் தம் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, "உடனிருப்பவர், என்ன உறவு?" என்று கேட்டார். "தெரிஞ்சவங்கன்னு போட்டுக்கோங்க" என்றேன். அதுவரை வாயே திறக்காதிருந்த அந்தப் பெரியவர் முகத்தைத் திருப்பி, "இல்லீங்க, இந்தம்மாவ எனக்குத் தெரியாதுங்க" என்று தெளிவாகச் சொன்னார். நர்ஸ் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். மறுவேளைக் கஞ்சியையும் அவர் என் கையால்தான் குடித்தார்.

முதலில் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு அந்நியனான ஒரு சமாரியன் உதவிய கதை வரும் லூக்கா 10ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தால், குற்றுயிராய்க் கிடந்தவனுக்குச் சமாரியனைத் தெரிந்ததாகவோ, அவன் நன்றி சொன்னதாகவோ அங்கே ஒரு வரிகூட இல்லை. திருப்பூர்க்காரருக்கு ஒன்று சொல்கிறேன்: அந்தப் பாட்டி உங்களுக்கு மரியாதைதான் செய்திருக்கிறார், அடுத்த முறை தாள் ஒட்டாமல் கொடுங்கள்.

கோயம்புத்தூர் – வருவாய்த்துறையில் பணியாற்றியவர்:

மேலே எழுதிய இருவரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. தாளை ஒட்டுவதா வேண்டாமா என்பதையும், நோட்டில் என்ன எழுதினார்கள் என்பதையும் இவ்வளவு யோசிக்கிறவர்கள், அந்தப் பாட்டிக்கு முதியோர் ஓய்வூதியம் வருகிறதா என்று விசாரித்தீர்களா? எரேமியா 29ஆம் அதிகாரத்தில் பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதிய கடிதத்தை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பது அதன் சாரம். தோட்டம் போடுகிறவன் அடுத்த ஆண்டும் அதே ஊரில் இருக்க வேண்டும். பை கொடுத்துவிட்டுப் போகிறவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எங்கள் தெருவில் கணவனை இழந்த ஒரு பெண்ணைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அழைத்துப்போனேன். மனுவை வாங்கியவர், "நீங்க எந்த அமைப்புங்க?" என்று என்னைக் கேட்டார். பக்கத்து வீடு என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. என் அனுபவம் அவ்வளவுதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் ஒரு மேசை போட்டு, எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு பேரை உட்கார வையுங்கள். அக்கம்பக்கத்தில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் வரலாம் என்று வாயால் சொல்லிப் பரப்புங்கள். 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கப்பட்ட முதியோர் ஓய்வூதியத்துக்கும் கைம்பெண் ஓய்வூதியத்துக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு சான்றிதழுக்கு அலைகிறவர்களே அதிகம். ஈரோட்டு அம்மா கஞ்சியோடு இதையும் கவனிக்கலாம். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த மாதம் போய்க் கேட்டால் யாரும் எதையும் தேடித் தர மாட்டார்கள்.

நொய்யலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த ஆற்றில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவுதான் தேங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, வேலை போனவர்களுக்காக ஜெபித்ததைக் கேட்டிருக்கிறேன். அணைக்குக் கீழே நிலம் கெட்டுப்போன குடியானவனுக்காக ஜெபித்ததை நான் கேட்ட நினைவு இல்லை. இருவரும் ஒரே ஆற்றுக்காரர்கள்தான்.

சேலம் – தூய்மைப் பணியாளர் மகள்:

ஐயா மேசை போடச் சொல்கிறார், நல்லதுதான். மேசைக்கு எந்தப் பக்கம் யார் உட்காருவார்கள் என்பதையும் யோசித்திருக்கலாம். என் அம்மா மாநகராட்சியில் தூய்மைப் பணியாளர். பொழுது விடியும் முன்பே எங்கள் ஆலயம் இருக்கும் தெருவைக் கூட்டி முடித்துவிட்டு, குளித்துப் புடவை மாற்றி, அதே ஆலயத்தில் பின் வரிசையில் வந்து உட்காருகிறவர்.

ஒரு முறை சபையில் "நகர தூய்மை நாள்" வைத்தார்கள். பேனர், தொப்பி, புதுத் துடைப்பம் எல்லாம் வந்திருந்தன. அம்மா காலையிலேயே கூட்டிவிட்ட தெரு என்பதால் அள்ளுவதற்குக் குப்பை அதிகமில்லை. ஆலய வேப்பமரத்துச் சருகுகளைத்தான் திரும்பத் திரும்பக் கூட்டினார்கள். நீளத் துடைப்பத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து முதுகை வளைத்துத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு பையனிடம் அம்மா போய், "அப்படிப் புடிச்சா இடுப்பு போயிரும் கண்ணு" என்று பிடியை மாற்றிக் காட்டினார். அப்போது போட்டோ எடுத்தவர், "அக்கா, நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க, சபை ஆளுங்க மட்டும்" என்றார். அம்மா யூனிஃபார்மில் இருந்தார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். அம்மாவும் ஒன்றும் சொல்லாமல் தள்ளி நின்றார். குவித்து வைத்த சருகை மறுநாள் அவர்தான் வண்டியில் அள்ளிப் போட்டார்.

நகரத்துக்கு ஊழியம் செய்வது எப்படி என்று சபைக்குள் கூட்டம் போடும்போதெல்லாம், அதைச் சம்பளத்துக்குச் செய்துகொண்டு பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. இதுவரை அம்மாவை யாரும் கேட்டதில்லை.

திருப்பூர் – ஓவர்லாக் டெய்லர்:

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின அல்லவா, அப்போது நடந்தது. ஹோலிக்கு ஊருக்குப் போகிறவர்களும் பயந்து போகிறவர்களும் சேர்ந்து ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. சபையிலிருந்து தண்ணீரும் பன்னும் கொண்டுபோயிருந்தோம். எங்கள் கம்பெனியிலேயே வேலை செய்யும் ஜார்கண்ட் பையன் ஒருவன் போனை என் காதில் வைத்து, அம்மாவிடம் பேசச் சொல்லிக் கெஞ்சினான். எனக்கு இந்தி வராது. "அம்மா, டீக் ஹை, டீக் ஹை" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே அழுகை. இவர் போலீஸா என்று கேட்டார்களாம். இல்லை, கூட வேலை செய்யும் அண்ணன் என்று பையன் சொன்னான். சபை என்று அவனும் சொல்லவில்லை, சொல்லும்படி நானும் கேட்கவில்லை. அவன் திரும்பி வந்து இப்போது என் பக்கத்து மிஷினில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

கோயம்புத்தூர் ஐயா சொன்னவற்றில் வெளிமாநிலத்தாருக்கு எதுவுமே இல்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாடும் சேர்ந்திருக்கிறது. சொந்த மாநிலத்து கார்டை வைத்தே இங்குள்ள ரேஷன் கடையில் கைரேகை வைத்து அரிசியோ கோதுமையோ வாங்கலாம். எங்கள் கம்பெனியில் இது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. உங்கள் மேசையில் இந்தி தெரிந்த ஒருவரையும் உட்கார வையுங்கள்.