இந்த விலைக்கு இது தகுமா? ஆமிப் பொம்மை வாங்கப் போன கதைகள்

வவுனியா வடக்கு:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்த ஒருவர், மகனுடைய பழைய ஜி.ஐ. ஜோ (அமெரிக்க ஆமிப் பொம்மை) எல்லாவற்றையும் ஒரே பெட்டியாக விற்கிறார் என்று கேள்விப்பட்டு வவுனியாவுக்குப் போனேன். மூன்றே முக்கால் அங்குலச் சாமான், எண்பதுகளில் வந்தது. கொஞ்ச உருவங்கள், இரண்டு ஜீப், ஒரு தாங்கி. ஐம்பதாயிரம் சொன்னார். பாதிப் பேருக்குத் துவக்கு இல்லை, சிலருக்குப் பெருவிரல் இல்லை. அதெல்லாம் பழைய ஜோவில் சகஜம், உங்களுக்கே தெரியும்.

இருக்க வைத்துப் பார்ப்போம் என்று ஒன்றை எடுத்து இடுப்பை மெதுவாக மடக்கினேன். 'டக்' என்றது. மேல்பாதி என் கையில். இரண்டு காலும் உள்ளே இருக்கிற கொழுக்கியோடு மேசையில் விழுந்து, உருண்டு, அவருடைய தேத்தண்ணிக் கோப்பையில் போய் முட்டி நின்றன.

"தம்பி, நீர் உடைச்சுப் போட்டீர். அதுக்கு மட்டும் ஆறாயிரம் வைச்சிட்டுப் போம்."

உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் நாற்பது வருஷத்தில் காய்ந்து போகும், நான் தொடாவிட்டாலும் அடுத்த ஆள் தொடும்போது அறுந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கிற மாதிரி இல்லை. காசு கொடுக்காமல் எழும்பி வந்துவிட்டேன். ஆனால் அவர் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது. யார் பக்கம் நியாயம்? உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

மாங்குளம் சந்தி:

ரப்பர் அறுந்தது ஒரு பழுதே இல்லை. முதுகில் ஒரே ஒரு ஸ்க்ரூ. கழற்றி, மோட்டார் சைக்கிள் பார்ட்ஸ் கடையில் அளவு ஒத்த ஓ ரிங் ஒன்றை வாங்கிப் போட்டால் ஆள் எழும்பி நிற்பான். பெருவிரல் போனால்தான் போனது. அவர் ஆறாயிரம் கேட்டது அநியாயம், ஆனால் மொத்தப் பெட்டியை விட்டுவிட்டு வந்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் கதை வற்றாப்பளைப் பொங்கலில் நடந்தது. கோயிலடிக் கடை ஒன்றில் அண்ணன் மகனுக்கு அட்டையில் ஒட்டின ஆமிக்காரனும் சின்ன ட்ரக் ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் அட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, "லனார்ட் கொம்பனிச் சாமான், த கோர்ப்ஸ் வரிசை. அட்டை நல்லாக் கிடக்கு. ரெண்டு மடங்கு தாறன், தாங்கோ" என்றார். 1986இல் தொடங்கின வரிசை என்று ஒரு விளக்கமும் சொன்னார். நான் பெடியனைப் பார்த்தேன். பெடியன் அவரைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே அட்டையின் மூலையைப் பல்லால் கடித்து, ஒரே இழுவையில் கிழித்தான். அந்த மனிசன் கண்ணை மூடிக்கொண்டார்!

அந்த ட்ரக் இன்றைக்கும் எங்கள் முற்றத்தில் மணல் ஏற்றுகிறது. நாலு சில்லும் ஓடுகிறது. கொடுத்த காசுக்கு இதைவிட என்ன வேண்டும்?

புதுக்குடியிருப்பான்:

மாங்குளம் அண்ணை, விளையாடுகிற சாமானையும் சேர்த்து வைக்கிற சாமானையும் ஒரே தராசில் போடாதீர்கள். சேர்க்கிறவன் காசு கொடுப்பது அது 'சரியாக' இருக்க வேண்டும் என்பதற்கு.

நான் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் டீ-55 என்ற சோவியத் தாங்கியின் மொடல் ஒன்று எடுத்தேன். 1/72 அளவு (உண்மையானதில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு), வார்ப்பு உலோகம், ஒன்பதாயிரத்துக்கு மேலே. பெட்டியிலும் டீ-55 என்றே போட்டிருந்தது. விறாந்தையில் வைத்துப் பிரித்தபோது அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு தரம் பார்த்தார். "இது அது இல்லை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு இந்த மொடல் விஷயம் ஒன்றும் தெரியாது. சுட்டுவிரலால் சில்லுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். "அதில முன்சில்லுக்கும் ரெண்டாம் சில்லுக்கும் நடுவிலதான் பெரிய இடைவெளி. இதில பின்னுக்கெல்லே கிடக்கு."

தேடிப் பார்த்தால் மனிசன் சொன்னது அச்சொட்டாகச் சரி. டீ-55இல் முதலாம் இரண்டாம் சில்லுக்கு நடுவில் இடைவெளி. பின்பக்கச் சில்லுகளுக்கு நடுவில் இடைவெளி விட்டது டீ-62. எனக்கு வந்தது டீ-62இன் அடிச்சட்டம், மேலே டீ-55 என்ற பெயர். விற்றவருக்குப் படம் அனுப்பினேன். "ஐந்து சில்லும் சரியாத்தானே இருக்கு" என்று பதில் வந்தது. இரண்டுக்கும் ஐந்துதான் ஐயா!

அதைவிட, அப்பா விலை கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்கள் உண்மையானதைச் சும்மாதான் பார்த்தனாங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

குளக்கட்டு:

எல்லோரும் கதைதான் சொல்கிறீர்கள், விலையை எப்படிப் பார்ப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. என் கதை சின்னது. கனடாவில் இருக்கிற மச்சான் எனக்கு ஆறு அங்குல ஜோ ஒன்றும் (2020இல் தொடங்கின கிளாசிஃபைட் வரிசை) அவன் ஓட்டுவதற்கு 1/18 ஜீப் ஒன்றும் அனுப்பினான். ஆள் ஜீப்புக்குள் இறங்கவே மாட்டான். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு மேலே, தலை கண்ணாடிச் சட்டத்துக்கு வெளியே. இரண்டும் நல்ல சாமான், சேர்த்து வைத்தால் சிரிப்பு. அவ்வளவுதான்.

சரி, இனிக் கேளுங்கள். முதலில் அளவு. ஐந்தேமுக்கால் அடி மனிதன் 1/18இல் ஏறக்குறைய பத்து சென்றிமீற்றர், 1/12இல் பதினைந்துக்குக் கொஞ்சம் குறைய, 1/6இல் முப்பதுக்குக் கிட்ட. வாகனம் வாங்கும் முன் உங்களிடம் எந்த ஆள் இருக்கிறான் என்று பாருங்கள். வாகனத்தில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. விளையாட்டுச் சாமானுக்குப் பெரும்பாலும் உண்மை அளவைச் சுருக்கித்தான் செய்வார்கள். ஜோவின் விமானந்தாங்கிக் கப்பல் 1985இல் ஏழரை அடி நீளத்தில் வந்தது, அதுவே உண்மைக் கப்பலின் கணக்குக்குக் குட்டி. ஆகவே பெட்டியில் போட்ட எண்ணை நம்பாமல் அடிமட்டம் வைத்து அளந்த படம் கேளுங்கள்.

இரண்டாவது, வந்து இறங்கும் விலை. கூரியர்காரர் நிறையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் கன அளவையும் பார்த்து எது கூடவோ அதற்குக் காசு எடுப்பார்கள். பெட்டி ஒவ்வொரு பக்கமும் இரண்டு மடங்கானால் கன அளவு எட்டு மடங்கு. உள்ளே காற்றுத்தான், ஆனால் காற்றுக்கும் நாங்கள்தான் கட்டுகிறோம். அதற்கு மேல் சுங்கம். அதற்கு மேல் டொலர். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்களே, 200 ரூபாய் டொலர் இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியது. அதற்கு முந்தின விலையை மனதில் வைத்துக்கொண்டு 'கூட, கூட' என்று புலம்பாதீர்கள்.

மூன்றாவது, ஆண்டு. பின்பக்கத்தில் அடித்திருக்கும் ஆண்டு உரிமம் பதிந்த ஆண்டு. அதே அச்சில் பிறகும் வார்ப்பார்கள். '1982 சாமான்' என்று ஒருவர் சின்ன ஜோவை விற்றால் கையைத் திருகிப் பாருங்கள். முழங்கைக்கு மேலே கை சுழன்றால் அது 1983இல் வந்த மாற்றம். முதல் வருஷத்து ஆளுக்குக் கை அப்படிச் சுழலாது.

நாலாவது, எங்கள் வெயில். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரி வைத்தால் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும், மெத்தென்ற பிவிசி கையில் ஒட்டும். வார்ப்பு உலோகத்தில் இன்னொரு நோய். நாகக் (சிங்க்) கலவையில் ஈயம் கலந்துவிட்டால் உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகும், பெயின்ற் அடித்து நிறுத்த முடியாது. பழைய உலோக வாகனத்தில் மயிர் போன்ற வெடிப்புத் தெரிந்தால் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். மாங்குளம் சொன்ன ஓ ரிங் சரிதான், ஆனால் ஸ்க்ரூவின் தலையைத் தேய்த்துவிட்டால் அதுவும் போச்சு, அளவான ஸ்க்ரூடிறைவர்...

மல்லாவி அக்கா:

தம்பி குளக்கட்டு, இவ்வளவு நீட்டுக்கு யாரப்பு கேட்டது?

எனக்கு இந்தப் பொம்மைகளில் விருப்பமும் இல்லை, விளக்கமும் இல்லை. அக்கா மகனுக்கு லண்டனில் இருந்து பன்னிரண்டு அங்குல ஆள் ஒன்று வந்தது. சட்டை, சப்பாத்து, தண்ணிப்போத்தல், பெல்ட்டில் கொழுவுகிற கைக்குண்டு, எல்லாம் கழற்றிப் பூட்டலாம். அம்மம்மா அதைத் தூக்கிப் பரணில் வையுங்கள் என்று நின்றா, ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு நாள் பின்னேரம் பின்வளவில் இருந்து சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் பெடியன் தூரத்தில் நின்று கத்துகிறான், "ஒருவரும் வராதேங்கோ, கிட்ட வராதேங்கோ!" வாழைக்கு அந்தப் பக்கம் நாலு தடி ஊன்றி, தடியில் என்ரை சிவப்புப் பாவாடை நாடாவைக் கிழித்துக் கட்டியிருந்தான். நடுவில் கிடந்தது அந்தப் பொம்மையின் கைக்குண்டு. என் சின்ன விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. பள்ளிக்கூடத்தில் மிதிவெடி பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: தொடக்கூடாது, கிட்டப் போகக்கூடாது, அடையாளம் வைத்துப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். தன்னுடைய பொம்மையில் இருந்து விழுந்தது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் தொடவில்லை.

அம்மம்மா அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா. குண்டை நான் எடுத்து அடுப்பில் போட்டேன்.

குளக்கட்டு:

அக்கா, கோபிக்க வேண்டாம், பெடியன் செய்தது கெட்டித்தனம். ஆனால் 1/6 ஆளுக்குச் சின்னச் சாமான்தான் விலையே. ஒன்று குறைந்தால்கூட முழுச்செட் விலை கேட்க முடியாது. வாங்கின அன்றே குண்டு, போத்தல் எல்லாவற்றையும் சிப் பையில் போட்டு...

மல்லாவி அக்கா:

உம்மோடை கதைக்க ஏலாது.

நெடுங்கேணி:

பஃபல் கவசவண்டியைக் கடைப் பொம்மையில் நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் கராஜ் வேலை செய்து ஓய்ந்த ஒரு ஐயா பிஸ்கட் தகரத்தில் செய்து வைத்திருக்கிறார். சாரதியின் கூண்டு இடப்பக்கம், எஞ்சின் வலப்பக்கம், பின்னால் மூடியில்லாத தொட்டி. தொட்டிக்குள் ஆட்கள் முதுகோடு முதுகு வைத்து வெளிப்பக்கம் பார்த்து இருக்கிற மாதிரி இரண்டு வரிசை இருக்கை. நாலாயிரம் சொன்னார்.

என்னோடு வந்தவன், "பிளாஸ்டிக் ஜீப் ரெண்டாயிரத்துக்குக் கிடக்கு ஐயா" என்றான். ஐயா ஒன்றும் பேசாமல் வண்டியைக் கவிழ்த்தார். அடித்தட்டு 'வி' வடிவில் மடிந்திருந்தது, மிதிவெடி வெடித்தால் அடி பக்கவாட்டில் போகட்டும் என்று தென்னாபிரிக்காக்காரன் செய்த அதே மடிப்பு. ஈயப்பற்று ஒரு சொட்டு வழியவில்லை. "பிளாஸ்டிக்கில இதை மடிச்சுக் காட்டச் சொல்லும்" என்றார்.

கூட வந்தவன் மூவாயிரத்தைந்நூறு சொன்னான். ஐயா வண்டியைத் திரும்பவும் உறிக்குப் பக்கத்தில் கொழுவிவிட்டார். நான் நாலாயிரம் என்று வாயெடுக்க, "இப்ப நாலரை" என்றார்!

புதுக்குடியிருப்பான்:

நாலரைக்கே எடுங்கள், யோசிக்காதீர்கள். அப்புறம், ஐயா தாங்கியும் செய்வாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். சில்லு இடைவெளிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.