சிலிண்டர் ஹைட்ரோ டெஸ்ட்: ப்யூரெட் ரீடிங் நிக்கவே மாட்டேங்குது, கம்ப்யூட்டர்ல ஏத்துறது எப்படி?

குறிச்சி_பட்டறை:
வணக்கம். ஆக்சிஜன் சிலிண்டர் (46.7 லிட்டர், 150 பார்) உள்ள தண்ணிய அழுத்தி எவ்வளவு விரியுதுன்னு டெஸ்ட் பண்ண வாட்டர் ஜாக்கெட் தொட்டி (சிலிண்டரை உள்ள வச்சு மூடுற தண்ணித் தொட்டி), பம்ப், ப்யூரெட் (சிலிண்டர் விரியும்போது தொட்டில இருந்து வெளிய தள்ளுற தண்ணிய அளக்குற குழாய்) எல்லாம் மாட்டியாச்சு. 250 பார் ஏத்தி நிறுத்தினா ப்யூரெட் மெதுவா ஏறிட்டே இருக்கு, நிமிஷத்துக்கு 5, 6 சிசி. எறக்கினா ஜீரோவுக்கும் வரல. நோட்டுல எழுதுறதை விட்டுட்டு சென்சார் வச்சு ரெக்கார்ட் பண்ணா சரியாயிடுமா, இல்ல சிலிண்டரே போச்சா?

பம்ப்ரூம்:
சென்சார் அப்புறம் தம்பி, மொதல்ல கேஜைப் பாருங்க. பிரஷர் எறங்கிட்டே ப்யூரெட் ஏறுச்சுன்னா கழுத்து ஜாயின்ட் ஜாக்கெட்டுக்குள்ளயே கசியுதுன்னு அர்த்தம். பிரஷர் அப்படியே நின்னு ப்யூரெட் மட்டும் ஏறுச்சுன்னா ஒண்ணு சிலிண்டர் இழுபடுது, இல்ல தண்ணி சூடாகுது. 100 லிட்டர் தண்ணி நம்மூர் வெயில்ல ஒரு டிகிரி ஏறினாலே கிட்டத்தட்ட 30 மில்லி உப்பும், உங்க சிலிண்டர் மொத்தமே 200 சிசி சுமார்தான் விரியும், அப்ப பர்மனன்ட் (பிரஷர் எறக்கின பிறகும் திரும்பாம நிக்கிற விரிவு) அதுல 10 சதவீதம்னா 20 சிசிதானே லிமிட்டு, வெயில்ல கெடந்த சிலிண்டரைத் தூக்கிப் போட்டு உடனே டெஸ்ட் பண்ணா நல்ல சிலிண்டரும் ஃபெயில்தான். மொத நாளே தண்ணி ரொப்பி நெழல்ல வைங்க.

ஓம்ஸ்லா:
ரெக்கார்டிங்குக்கு 0-400 பார், 4-20 மில்லிஆம்ப் டிரான்ஸ்மிட்டர் (பிரஷரை கரன்ட்டா மாத்தித் தர்ற சென்சார்) போதும். 250 பார்ல 14 மில்லிஆம்ப் காட்டணும், மல்டிமீட்டர்ல பாத்துக்கலாம். 250 ஓம் ரெசிஸ்டர் போட்டா 3.5 வோல்ட், எந்த லாகரும் (ரீடிங்கைப் பதிவு பண்ற கருவி) படிக்கும். பம்ப் அடிக்கிற அடில ரீடிங் குதிக்கும், முன்னாடி ஒரு ஸ்னப்பர் (பிரஷர் துடிப்பை அடக்குற சின்ன ஃபிட்டிங்) போடுங்க. ப்யூரெட்டுக்குப் பதிலா சீரியல் போர்ட் இருக்கற தராசு மேல பாத்திரம் வைங்க, ஒரு கிராம்னா ஒரு மில்லி. குழாய் நுனி தண்ணிக்குள்ள முங்கியே இருக்கணும், ஆனா குழாய் பாத்திரத்தைத் தொடக்கூடாது, இல்லன்னா எறக்கும்போது காத்தை உறிஞ்சிடும், எடையும் தப்பா வரும்.

நாக்பூர்_ஃபைல்:
ஜாக்கெட் இருக்கற வரைக்கும் நீங்க அதிர்ஷ்டசாலி. ஜாக்கெட் இல்லாத முறைல 250 பார்ல உள்ள இருக்கற தண்ணியே அரை லிட்டர் அமுங்கும், அதைக் கழிச்சுத்தான் விரிவைக் கண்டுபிடிக்கணும், தலைவலி.
ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். சும்மா ட்ரையல்னு அதே சிலிண்டரை 250க்கு திரும்பத் திரும்ப ஏத்தாதீங்க. ஒரு தடவை நிரந்தரமா விரிஞ்சது அடுத்த தடவை விரியாது, கெட்ட சிலிண்டரும் பாஸ் ஆயிடும். மொத ரீடிங்தான் ரெக்கார்டுல நிக்கணும். பெஞ்ச் சரியா இருக்கான்னு பாக்க விரிவு எவ்வளவுன்னு தெரிஞ்ச கேலிப்ரேஷன் சிலிண்டர் தனியா வைங்க, தினமும் காலைல அதை ஓட்டிட்டு வேலைய ஆரம்பிங்க. காசுக்கு வெளியாளுக்கு டெஸ்ட் பண்ணி சர்டிஃபிகேட் தரணும்னா கேஸ் சிலிண்டர் விதிகள் 2016படி பெசோ (வெடிபொருள், கேஸ் சிலிண்டர் பாதுகாப்பைப் பாக்குற மத்திய அரசு அமைப்பு) அனுமதி வேணும், அது இல்லாம சிலிண்டர் மேல நம்பர் அடிக்காதீங்க.

குறிச்சி_பட்டறை:
பம்ப்ரூம் அண்ணே, பாத்தேன், ஒரு நிமிஷத்துல 3 பார் எறங்குது. அப்ப கழுத்துதான். தராசு எத்தனை கிலோ வாங்கலாம்?

ஓம்ஸ்லா:
2 கிலோ, 0.1 கிராம் போதும். ஃபேன் காத்து படாத எடத்துல வைங்க.