பத்தாயத்தில் பிரிக்காமல் கிடந்த கடிதங்கள்: மனச்சோர்வும் பண முடிவுகளும்

கேள்வி: மன்னார்குடி ஆசிரியை

வணக்கம். நீடாமங்கலத்துக்கு அருகில் நான்கு ஏக்கர் நன்செய் வைத்திருக்கும் என் அண்ணனைப் பற்றி எழுதுகிறேன். வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், நடவுக்கு வந்த ஆட்கள், யூரியா மூட்டையின் விலை என எதையும் விடாமல் நாட்குறிப்பில் எழுதி வந்தவர் அவர். மூன்று ஆண்டுகளாக அதில் ஒரு வரியும் இல்லை. முதலில் ஆயுள் காப்பீட்டுத் தவணையைக் கட்டாமல் விட்டார். அடுத்த ஆண்டு சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்யவில்லை. இந்த மாசியில், சிட்டா அடங்கல் வாங்கிக்கொண்டு கொள்முதல் நிலையத்தில் காத்திருக்கத் தெம்பில்லை என்று, களத்துக்கே வந்த வியாபாரியிடம், அந்த வியாபாரி கேட்ட விலைக்கே நெல்லைத் தள்ளிவிட்டார். சென்ற வாரம் அண்ணி பத்தாயத்தைத் துடைக்கத் திறந்தபோது, அடியில் வங்கியும் கூட்டுறவுச் சங்கமும் அனுப்பிய பதினைந்து கடிதங்கள் பிரிக்கப்படாமல் கிடந்தன. ஒன்றை அண்ணி பிரித்துப் பார்த்தார். சங்கத்தில் அடகு வைத்த அண்ணியின் சங்கிலி ஏலத்துக்கு வரப்போவதைச் சொல்லும் கடிதம் அது.

மருத்துவர் மனச்சோர்வு என்று கூறி மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. உறவினர்களோ, ஒரு ஏக்கரை விற்றுக் கடனை அடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். அண்ணனும் தரகர் சொல்லும் விலைக்குத் தலையாட்டுகிறார். கடனால் வந்த சோர்வா, சோர்வால் வந்த கடனா? வரவு செலவை நாங்களே எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கும்பகோணம்

அம்மா, நில விற்பனைப் பேச்சை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். சங்கிலியை முதலில் பாருங்கள். ஏல நாளுக்கு முன்பே சங்கத்துக்குப் போய், வட்டியைக் கட்டிக் கடனைப் புதுப்பிக்க இயலுமா என்று கேட்க வேண்டும். ஆயுள் காப்பீடு காலாவதியாகியிருந்தாலும், பங்குச்சந்தை சாராத பாலிசியாக இருந்தால், கட்டாத முதல் தவணை நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் நிலுவையை வட்டியுடன் செலுத்திப் புதுப்பிக்கக் கேட்கலாம். போன சம்பாவுக்கு விட்ட பயிர்க் காப்பீட்டை மட்டும் மீட்க வழியில்லை. காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடுதான் விவசாயி கட்டும் பங்கு என்பதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

வங்கியின் பயிர்க்கடனில் தாமதத்துக்கே ஒரு விலை உண்டு. 3 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 7 விழுக்காடு வட்டி; உரிய நாளில் கட்டினால் 3 விழுக்காடு சலுகை கிடைத்து 4 ஆகிறது. 2 லட்சம் வாங்கியவர் ஆண்டுக்கு 8,000 ரூபாயோடு முடிப்பதற்குப் பதிலாக, கடிதத்தைப் பிரிக்காத ஒரே காரணத்தால் 14,000 கட்டுவார். கெடு தாண்டிய பின் அது மேலும் ஏறும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்ட மனமில்லாதவர் வங்கிக்கு வந்து வாதாடுவார், தவணை கேட்பார். மனம் ஒடிந்தவர் வரவே மாட்டார். பணியில் இருந்தபோது இருவரையும் ‘ஒத்துழைக்காதவர்’ என்று ஒரே பதிவேட்டில் எழுதியவன் நான்.

கணக்கை அண்ணியின் பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காக மாற்றிவிட்டால், எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்ளலாம்.

பதில் 2: உளவியலாளர், தஞ்சாவூர்

இரண்டு வாரத்துக்கு மேலாக நீடிக்கும் துயரமோ நாட்டமின்மையோ மட்டும் மனச்சோர்வு ஆவதில்லை. கவனம் நிலைக்காமையும் முடிவெடுக்க இயலாமையும் அந்த நோயின் அறிகுறிப் பட்டியலிலேயே உள்ளவை. ஆகவே பிரிக்காத கடிதம் பொறுப்பின்மையைக் காட்டுவதில்லை. ஒரு கடிதத்தைத் தள்ளிவைத்தால் அன்றைக்கு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே அடுத்த கடிதத்தையும் தள்ளிவைக்கப் பழக்குகிறது. சேர்ந்த குவியலோ ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற எண்ணத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. உங்கள் முதற்கேள்விக்கு இதனால்தான் ஒரு பக்கமாகப் பதில் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்னும் பின்னும் செய்த ஆய்வு ஒன்று 2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. கையில் பணமில்லாத காலத்தில் சிந்தனைத் தேர்வுகளில் பின்தங்கிய அதே மனிதர்கள், அறுவடைப் பணம் வந்த பின் தேறினார்கள். வெறும் பணமுடையின் சுமை, பணம் வந்ததும் இறங்குகிறது. உங்கள் அண்ணனுக்கு மாசியில் நெல் விற்ற பணம் வந்த பிறகும் பத்தாயம் திறக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நிலத்தை விற்றால் கடன் தீரலாம், நோய் தீராது.

மாத்திரையின் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். நலமான பின்பும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. அதுவரை திரும்பப் பெற முடியாத முடிவு எதுவும் வேண்டாம். ‘இனி நான் இருந்து என்ன பயன்’ என்று அவர் பேசினால், சாகும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படாது. வீட்டிலுள்ள பூச்சிமருந்தை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். அரசின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

பதில் 3: தென்னை விவசாயி, பேராவூரணி

வங்கி ஐயா சொன்ன கடைசி யோசனையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் என் தோப்பைச் சாய்த்தது. விழுந்த மரங்களை எட்டு மாதம் அகற்றாமல் அப்படியே விட்டுவைத்தேன். கையில் காசில்லை என்று ஊர் நினைத்தது. நெட்டை இரகக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும். அத்தனை ஆண்டுக்குப் பின் நான் இருப்பேன் என்றே மனம் நம்பாதபோது கன்று வாங்க எப்படிப் போவேன்? ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் கைமாற்று கொடுத்தேன். ‘இல்லை’ என்று சொன்னால் தொடரும் பேச்சைத் தாங்கத் தெம்பில்லாததால், கொடுப்பதே எளிதாக இருந்தது. அந்தப் பணத்தில் பாதி இன்றுவரை திரும்பவில்லை.

என் தம்பி நல்லெண்ணத்தில்தான் பாஸ்புத்தகத்தையும் காசோலையையும் வாங்கிப் பீரோவில் பூட்டினார். அன்றிரவு எனக்குத் தோன்றியதை இங்கே எழுத விரும்பவில்லை. பிறகு என் மைத்துனர் வேறு வழியில் வந்தார். வெள்ளிக்கிழமை தோறும் வருவார், தேநீர் குடிப்போம், ஒரு கடிதத்தை அவர் பிரித்து, பயமுறுத்தும் சொற்களை விட்டுவிட்டுத் தொகையையும் தேதியையும் மட்டும் படிப்பார். என்ன செய்வதென்று நான் சொல்ல, அவர் எழுதிக்கொள்வார். இரண்டாவது கடிதத்தை நானே கேட்டாலும் எடுக்க மாட்டார். ஏழு மாதம் இப்படிப் போயிற்று. கெடு நெருங்கிய கடிதங்களை அண்ணி முன்னதாகப் பார்த்து மேலே வைத்துவிடட்டும்; மற்றவற்றில் உங்கள் அண்ணன் வாயாலேயே முடிவு வரட்டும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. திங்கட்கிழமை அண்ணனுடன் சங்கத்துக்குப் போனோம். அவர் வாசல் வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டார். கையெழுத்துக்கு மட்டும் உள்ளே வந்தார். வட்டி கட்டியாயிற்று, ஏலம் நின்றது. தை வரை நிலப் பேச்சே வேண்டாம் என்று அண்ணி தரகரிடம் சொல்லிவிட்டார். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவையை எத்தனை ஏக்கரில் போடுவது என்பதை அண்ணனிடமே விட்டிருக்கிறோம். இரண்டு ஏக்கர் போதும் என்கிறார். வங்கி ஐயாவிடம் ஒரு கேள்வி: ஆயுள் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது இந்தச் சிகிச்சையைக் குறிப்பிட வேண்டுமா?

பதில் 1 எழுதியவர்:

மறைக்காமல் எழுதுங்கள், அம்மா. புதுப்பித்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் நிறுவனம் அந்த உறுதிமொழியைக் கேள்விக்குள்ளாக்க முடியும். மறைத்தது தெரிந்தால் குடும்பத்துக்குச் சேர வேண்டிய தொகை போய்விடும். கூட்டுக் கணக்கைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.