லிமிட் வைத்த பிறகுதான் கேம் சீரானது

தம்பி: அண்ணா, புது மானிட்டர் மாட்டியாச்சு, 144 ஹெர்ட்ஸ், செகண்டுக்கு 144 தடவை படம் மாறும். ஆனால் பழையதை விட மோசமாகத் தெரிகிறது. கார் ஓட்டுகிற கேமில் நேர் ரோட்டில் எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது படம்) 140 காட்டுகிறது, மார்க்கெட் பக்கம் காரைத் திருப்பினால் 88க்கு இறங்கி ஒரு இழு இழுக்கிறது. கிராபிக்ஸ் கார்டு மாற்ற வேண்டுமா?

நான்: கார்டைத் தொடாதே. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 144 என்று இருக்கிறதா பார், பல நேரம் அது 60லேயே நிற்கும். அப்புறம், ஃப்ரேம் லிமிட், அதாவது எஃப்பிஎஸ் இதற்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு, ஏதாவது வைத்திருக்கிறாயா?

தம்பி: 144 தான் இருக்கிறது. லிமிட் எதற்கு, வருகிற வரைக்கும் வரட்டும் என்று அன்லிமிடெட்.

நான்: அங்கேதான் சிக்கல். 140 என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 7 மில்லி செகண்ட், 88 என்றால் 11க்கு மேல். இந்த இடைவெளி 7, 7, 12, 8, 15 என்று ஆடிக்கொண்டே இருந்தால் மூலையில் எவ்வளவு பெரிய நம்பர் இருந்தாலும் கண்ணுக்கு இழுப்பாகத்தான் படும். ஒரே மாதிரி 11, 11, 11 என்று வந்தால் 90 எஃப்பிஎஸ்ஸே வெண்ணெய் மாதிரி போகும், நான் பல கேமில் பார்த்துவிட்டேன்.

சித்தப்பா: என் லேப்டாப் 60 ஹெர்ட்ஸ், கேமில் 110 வருகிறது. ஃபேன் இரைச்சலில் வீட்டில் யாரும் தூங்க முடியவில்லை. எனக்கும் லிமிட்டா?

நான்: உங்களுக்குத்தான் முதலில் வேண்டும் சித்தப்பா. உங்கள் ஸ்கிரீன் செகண்டுக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும், மிச்ச 50 ஃப்ரேமுக்கும் சேர்த்துத்தான் சூடாகிறது. 60 வைத்து, கேமிலேயே வி-சிங்க்கை (ஸ்கிரீன் மாறுகிற நேரத்தோடு ஃப்ரேமைச் சேர்க்கிற செட்டிங்) ஆன் செய்யுங்கள், படம் குறுக்கே கிழிவதும் நிற்கும்.

சித்தப்பா: கனமான கேமில் 60 நிற்காதே, 45 வைக்கலாமா?

நான்: வேண்டாம். 60 ஹெர்ட்ஸில் 45 வைத்தால் சில ஃப்ரேம் ஒரு தடவையும் சில ஃப்ரேம் இரண்டு தடவையும் தெரியும், நடை நொண்டும். கிராபிக்ஸைக் குறைத்து 60ஐப் பிடியுங்கள், முடியாவிட்டால் 30. 120 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன் என்றால் 40 அருமையாக இருக்கும், ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக மூன்று தடவை.

தம்பி: அப்போ நான் 72 வைக்கவா, 144இல் பாதி?

நான்: மானிட்டர் மெனுவில் ஃப்ரீசிங்க் இருக்கிறதா? இருந்தால் ஆன் செய், டிரைவர் செட்டிங்கிலும் ஆன் செய். ஸ்கிரீனே ஃப்ரேமுக்காகக் காத்திருந்து மாறும், வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. லேசான கேமில் 141 வை, 144ஐ முட்டினால் ஃப்ரீசிங்க் விலகிவிடும், அதனால்தான் கொஞ்சம் கீழே. இந்தக் கேமில் அந்த மார்க்கெட் பக்கம் போய் நில், அங்கே நிற்கிற நம்பர்தான் உன் லிமிட்.

தம்பி: எங்கே வைப்பது? கேமிலும் இருக்கிறது, என்விடியா கன்ட்ரோல் பேனலிலும் இருக்கிறது.

நான்: முதலில் கேமில். மவுஸ் தாமதம் அங்கேதான் குறைவு. கேமில் இல்லை, அல்லது இருந்தும் ஆடுகிறது என்றால் ஆர்டிஎஸ்எஸ் என்ற தனி சாஃப்ட்வேரில் வை, தாமதம் துளி கூடும், ஆனால் இடைவெளி ரொம்பச் சீராக வரும். ஏதாவது ஒன்றுதான், இரண்டையும் போட்டுக் குழப்பாதே. இன்னொன்று, ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்) 99 சதவீதத்தில் ஓடும்போது ஃப்ரேம்கள் வரிசையில் காத்துக் கிடக்கும், நீ மவுஸை அசைத்தது லேட்டாகத்தான் தெரியும். லிமிட் வைத்தால் அதற்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

அக்கா: எனக்கு புது ஏரியாவுக்குள் நுழையும்போது மட்டும் ஒரு நொடி உறைகிறது, திரும்பப் போனால் இல்லை. இதுவும் லிமிட்டில் சரியாகுமா?

நான்: ஆகாது அக்கா, அது பெரும்பாலும் ஷேடர், அதாவது படத்தை வரையச் சொல்லும் சின்ன புரோகிராம்கள், தயாராகிற நேரம். மெனுவில் ஷேடர் கம்பைல் ஓடினால் முடியும் வரை விடு, பாதியில் ஸ்கிப் செய்யாதே.

தம்பி: 90 வைத்தேன். ஆர்டிஎஸ்எஸ் காட்டுகிற ஃப்ரேம் இடைவெளி கிராஃப் ரம்பப் பல் மாதிரி இருந்தது, இப்போது ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது. மார்க்கெட் திருப்பத்தில் மட்டும் ஒரு சின்னக் குத்து.

நான்: 88க்கு இறங்குகிற இடம் அல்லவா அது, 86 வைத்துப் பார்.

தம்பி: குத்து போச்சு அண்ணா!! நாலு தடவை அதே திருப்பத்தில் ஓட்டிவிட்டேன். ஜிபியு 70 சதவீதத்திலேயே நிற்கிறது.

சித்தப்பா: இங்கேயும் 60 வைத்தாச்சு. ஃபேன் ஓடுகிறதா என்று காதை வைத்துப் பார்த்தேன்.