எந்த அறையிலும் ஃபுல் சிக்னல், ராத்திரியானால் நெட் நகரவில்லை. உதவி தேவை

விடுதிப்பொறுப்பு:
வணக்கம். 3 மாடி மகளிர் விடுதி. மாடிக்கு 2 ஏபி (வைஃபை பரப்பும் பெட்டி), வராந்தாவின் இரண்டு முனையிலும் சீலிங்கில் மாட்டியிருக்கிறது, மொத்தம் 6. பகலில் குறையே இல்லை. ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லோரும் போனைக் கையில் எடுத்ததும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது, ஆனால் எங்கே நின்று பார்த்தாலும் சிக்னல் முழுசாகக் காட்டுகிறது. அதே நேரத்தில் லேப்டாப்பில் கேபிள் செருகிப் பார்த்தால் லைன் வேகம் அப்படியே வருகிறது. மாட்டியவர் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஆறையும் சேனல் 6, 5 ஜிகாஹெர்ட்ஸில் ஆறையும் சேனல் 36, சேனல் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ், பவர் 'ஹை' என்று வைத்திருக்கிறார். பெட்டியில் எம்யூ-மிமோ என்று வேறு போட்டிருக்கிறது. ஒரே நேரத்தில் பல பேருக்கு அனுப்புமாமே, அப்புறம் ஏன் இப்படி?

அலைவரிசை_அண்ணன்:
ஃபுல் சிக்னல்தான் உங்கள் வியாதியே. ஆடி மாதம் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் கூம்பு ஸ்பீக்கர் கட்டினால் என்ன ஆகுமோ அதுதான். பவரைக் குறையுங்கள், சேனலைப் பிரியுங்கள்.

கம்பியில்லாக்காரி:
அண்ணா, ஸ்பீக்கர் விடாமல் கத்தும், வைஃபை அப்படிக் கத்தாது. பேசுவதற்கு முன் காதுகொடுத்துக் கேட்கும், அதே சேனலில் வேறொரு வைஃபையின் குரல் மைனஸ் 82 டிபிஎம் (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மெலிதாகக் காதில் விழுந்தாலும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். அதனால் 6 ஏபி இருந்தும், ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கிற வரை, ஒரே ஏபி வேலைதான் நடக்கிறது. ஒரே அலைவரிசையை இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டுமென்றால் அந்த இரண்டுக்கும் நடுவே தூரமோ கான்கிரீட்டோ வேண்டும். செல்போன் டவர்கள் ஆரம்பத்தில் வந்ததே இந்தக் கணக்கில்தான்: 1983-ல் சிகாகோவில் ஓட ஆரம்பித்த ஆம்ப்ஸ் என்ற பழைய செல்போன் முறையில், கிடைத்த அலைவரிசையை 7 செல்லுக்கு (ஒரு டவர் கவனிக்கும் பகுதி) பிரித்து, எட்டப் போய் மறுபடி அதையே பயன்படுத்துவது வழக்கம்.

உங்களுக்கு 2.4-ல் ஒன்றோடொன்று மோதாதது 1, 6, 11 மூன்றுதான். இடது, வலது என்று இப்படிப் போடுங்கள்: கீழ்த்தளம் 1, 6. நடுத்தளம் 11, 1. மேல்தளம் 6, 11. ஒரே எண் வருகிற இரண்டும் எப்போதும் எதிர் மூலையில், நடுவே ஒரு மாடியின் கான்கிரீட்டாவது இருக்கும். அகலம் 20 போதும். 5-ல் அகலத்தை 40 ஆக்கினால் 36, 44, 52, 60, 149, 157 என்று ஆளுக்கு ஒன்றே கிடைத்துவிடும். 52, 60-ஐ ரேடார்களும் பயன்படுத்தும், ரேடார் தெரிந்தால் ஏபி தானாக வேறு சேனலுக்கு மாறும், பயப்பட வேண்டாம்.

பவர் 2.4-ல் 'லோ', 5-ல் 'மீடியம்'. ஏபி எவ்வளவு உரக்கப் பேசினாலும் போன் தன் சின்னக் குரலில்தானே பதில் சொல்லும்!

விடுதிப்பொறுப்பு:
சரிங்க. எம்யூ-மிமோ?

கம்பியில்லாக்காரி:
அது இதே கதையின் நுணுக்கமான வடிவம். ஒரே சேனலில் ஒரே நொடியில் இரண்டு போனுக்கு வெவ்வேறு தரவு போகும். ஒருத்தியுடையது மற்றவள் போன் இருக்கும் இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழிந்துபோகும்படி ஏபி தன் ஆன்டெனாக்களின் அலையைச் சீர்செய்து அனுப்பும். அதற்கு முதலில் ஒரு சோதனை அலையை அனுப்பி, அது எப்படி வந்து சேர்ந்தது என்று ஒவ்வொரு போனும் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலே கொஞ்சம் நேரம் தின்னும். ஒரே கட்டிலில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் இரண்டு போனையும் பிரித்தறிவது சிரமம். நடந்துகொண்டே பார்த்தால் கணக்கு அதற்குள் பழசாகிவிடும். சின்னச் சின்ன வாட்ஸ்அப் செய்திக்கு லாபமில்லை. என்னைக் கேட்டால் உங்கள் விடுதியில் பெட்டியில் அச்சடிக்கத்தான் அது பயன்படும்.

அலைவரிசை_அண்ணன்:
5ஜி டவரில் அது நன்றாகவே ஓடுகிறதே?

கம்பியில்லாக்காரி:
அங்கே ஒரே பேனலில் 64 ஆன்டெனா வழி வரை இருக்கும், ஆட்களும் நூறு நூறு மீட்டர் தள்ளி வேறு வேறு திசையில். 3.5 ஜிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 4 சென்டிமீட்டர் சொச்சம், அதனால் அத்தனையும் ஒரே பலகையில் அடங்கிவிடுகிறது. வராந்தாவில் 4 ஆன்டெனாவை வைத்து அதை எதிர்பார்க்க முடியாது.

விடுதிப்பொறுப்பு:
சொன்னபடி மாற்றினேன். நேற்று ராத்திரி யாரும் என் அறைக் கதவைத் தட்டவில்லை. மேல்தளத்தில் குளியலறைக்கு அடுத்த அறையில் மட்டும் இப்போது ஒரு கோடுதான் வருகிறது, அந்த ஏபிக்கு மட்டும் பவரைக் கூட்டலாமா?

கம்பியில்லாக்காரி:
கூட்டாதீர்கள். ஏபியையே அந்தப் பக்கம் நகர்த்துங்கள், குளியலறைச் சுவரில் ஓடும் தண்ணீர்க் குழாய் நடுவே வராதபடி.