ஹட்டன் நகர ஓட்டத்தில் ஹைலக்ஸ் கெப் வாகனத்துக்கு டீசல் கட்டுப்படியாகவில்லை: காரணத்தைக் கண்டறிய உதவி தேவை

கேள்வி: ஹட்டன், பலசரக்கு வியாபாரம்

அனைவருக்கும் வணக்கம். கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக, கம்பஹா பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த 2009ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் விகோ கெப் வாகனமொன்றை எட்டு மாதங்களுக்கு முன்பு வாங்கினேன். 2.5 லீற்றர் 2கேடி டீசல் இயந்திரமும் சாதாரண கியரும் நான்கு சக்கர இயக்கமும் கொண்டது. முன்னைய உரிமையாளர் தமக்கு லீற்றருக்கு 9 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடியதாகச் சொன்னார். அவர் பொய் சொல்லக்கூடியவராக எனக்குத் தெரியவில்லை. எனக்கோ கடந்த முறை 41 லீற்றருக்கு 246 கிலோமீற்றர்தான் ஓடியது. அதாவது லீற்றருக்கு 6 கிலோமீற்றர்.

என்னுடைய ஓட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டு, பஸ் நிலையத்தைத் தாண்டி, பாடசாலை நேர நெரிசலுக்குள் மெதுவாக நகர்ந்து, டிக்கோயா, நோர்வூட் பக்கக் கடைகளுக்கும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொட்டகலைக்கும் போய் வருகிறேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர். சில நூறு மீற்றருக்கு ஒரு நிறுத்தம்; சரக்கு இறக்கும் ஐந்து பத்து நிமிடங்களுக்கு இயந்திரத்தை நிறுத்துவதில்லை.

எயார் பில்டர், டீசல் பில்டர், எண்ணெய் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். ஒரு கராஜில் சொன்னதை நம்பி, டீசலை இயந்திரத்துக்குள் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றிச் சுத்தம் செய்தேன். பணம் போனதே தவிர மாற்றமில்லை. புகைப் பரிசோதனையில் வாகனம் சிரமமின்றித் தேறியது. இயந்திரம் சூடாவதும் இல்லை. வெப்பமானி ஊசி எந்த ஏற்றத்திலும் கால் பங்கைத் தாண்டியதில்லை என்பதால் அந்தப் பக்கத்தில் எனக்குக் கவலையில்லை. இப்போது ஒருவர் டீசல் குழாயில் காந்தம் பொருத்தினால் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும் என்கிறார். மேற்கொண்டு செலவு செய்வதற்கு முன்னர், விடயம் தெரிந்தவர்கள் எங்கே பார்க்கவேண்டும் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: பண்டாரவளை, டயர் கடை

வணக்கம் அண்ணன். காந்தத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். டீசல் காந்தத்தால் மாறும் பொருளன்று. அதை வாங்கி ஏமாந்த மூவரின் வாகனங்கள் என் கடைக்கு வந்திருக்கின்றன.

நான் முதலில் கேட்க விரும்புவது, அந்த 246 கிலோமீற்றர் உண்மையிலேயே 246 தானா என்பதைத்தான். உங்கள் வாகனத்தில் இருப்பது நிறுவனம் பொருத்திய அளவு டயரா? கெப் வைத்திருப்பவர்கள் பலர் தோற்றத்துக்காகப் பெரிய டயர் மாட்டுகிறார்கள். உதாரணமாக 255/70 ஆர்15 இருந்த இடத்தில் 265/75 ஆர்15 போட்டால், விட்டம் ஏறத்தாழ 738 மில்லிமீற்றரிலிருந்து 778க்குப் போய்விடும். சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் உருள்கிறது. ஓடோமீற்றரோ பழைய கணக்கிலேயே எண்ணுகிறது. அப்படியானால் 5 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட தூரம் உங்கள் கணக்கில் வராமலேயே போகிறது. நுவரெலியா வீதியில் கிலோமீற்றர் கற்கள் இருக்கின்றன. இருபது கற்களைக் கடந்து, ஓடோமீற்றர் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள்.

டீசல் அளப்பதிலும் பிழை நேரலாம். ஒரே நிரப்பு நிலையத்தில், ஒரே பம்பில், சரிவில்லாத தரையில் வாகனத்தை நிறுத்தி, டீசல் ஊற்றும் துப்பாக்கி தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். அடுத்த முறையும் அதேபோல் செய்து, குறைந்தது இரண்டு மூன்று தடவை எடுத்த சராசரியைப் பாருங்கள். டயர் அமுக்கத்தைக் காலையில் வாகனம் ஓடுமுன், சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: நுவரெலியா, வாடகை வாகனச் சாரதி

ஐயா, மலையில் ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றத்தில் போகும் டீசல் இறக்கத்தில் திரும்பக் கிடைக்கவேண்டும். நான் நீண்ட இறக்கங்களில் நியூற்றலில் போட்டுவிட்டு உருளவிடுவேன். டிக்கோயாப் பக்கம் இறங்கும்போது நீங்களும் அப்படிச் செய்து பார்க்கலாம்.

பதில்: பதுளை, முப்பது வருடமாகக் கராஜ் தொழில்

மேலே எழுதிய தம்பி மன்னிக்கவேண்டும். அந்த ஆலோசனையை யாரும் பின்பற்றவேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். நியூற்றலில் இறங்கும் வாகனத்தின் பாரம் முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்குகிறது. கினிகத்தேனை இறக்கத்திலோ றம்பொடை வளைவுகளிலோ பிரேக் கட்டைகள் சூடேறி வழுக்கத் தொடங்கினால், மிதி காலுக்குக் கீழே இருக்கும், பிடிப்பு மட்டும் இருக்காது. அத்துடன், இதனால் டீசல் மிச்சமாகும் என்பதும் தவறு. இந்த வகை இயந்திரத்தில், கியரில் வைத்து அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன், சக்கரமே இயந்திரத்தைச் சுழற்றுவதால், கணினி இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுப்பதை நிறுத்திவிடுகிறது. நியூற்றலில் போட்டால்தான் இயந்திரம் அணையாமல் இருப்பதற்கு டீசல் எரிக்கவேண்டியிருக்கிறது. ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய சாரதிகளின் வழக்கம் உயிருக்கும் நல்லது, டீசலுக்கும் நல்லது.

இனி ஹட்டன் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கவலையில்லை என்று ஒதுக்கிய இடத்தில்தான் எனக்குக் கவலை. வெப்பமானி ஊசி கால் பங்கைத் தாண்டுவதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நலமாக ஓடும் ஹைலக்ஸில் அந்த ஊசி பாதிக்குச் சற்றுக் கீழே வந்து, அங்கேயே அசையாமல் நிற்கவேண்டும். இயந்திரம் சூடாகும்வரை நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தேமோஸ்டட் திறந்தபடியே இறுகியிருக்கலாம். அல்லது, எனக்கு அதிகச் சந்தேகம் இதில்தான், அதைக் கழற்றியே எறிந்திருக்கலாம். கீழ்நாட்டு வெயிலில் ஓடும் வாகனம் ஒருமுறை சூடேறினால் போதும், "தேமோஸ்டட்டைக் கழற்றிவிட்டால் சூடாகாது" என்று சொல்லி எடுத்துவிடுகிறவர்கள் நம் நாட்டில் எத்தனையோ பேர். கம்பஹா வெயிலில் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; காலைக் குளிரில், சில நூறு மீற்றருக்கு ஒரு தடவை நிற்கும் ஓட்டத்தில், அந்த இயந்திரம் நாள் முழுவதும் முழுச் சூட்டை எட்டாமலேயே வேலை செய்கிறது. நீர் குளிர்ந்திருப்பதாக உணரி சொல்வதால் கணினி இன்னும் இயந்திரம் சூடாகவில்லை என்றே எண்ணி, சும்மா நிற்கும்போது சுழற்சியை உயர்த்தி வைத்திருக்கும், டீசலையும் கூட்டிக் கொடுக்கும். எண்ணெயும் தடிப்பாகவே இருப்பதால் உராய்வும் அதிகம்.

தேமோஸ்டட் இல்லாவிட்டால் சூடேறவே ஏறாது என்ற எண்ணமும் சரியன்று. பல டொயோட்டா இயந்திரங்களில், அது முழுவதும் திறக்கும்போது பக்கவழியை மூடிவிடும்படி அமைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் பக்கவழி எப்போதும் திறந்தே கிடக்கும். பாரத்துடன் நீண்ட ஏற்றத்தில் போகும்போது நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் சூடாகவே இயந்திரத்துக்குத் திரும்பும்.

வேறு இரண்டு காரியங்களையும் செய்யுங்கள். நான்கு சக்கர இயக்கத்துக்கான கைப்பிடி இரண்டு சக்கர நிலையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஐந்து கிலோமீற்றர் ஓட்டிவிட்டு இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்; ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. புகைப் பரிசோதனையில் தேறியதை இதற்குச் சான்றாக எடுக்கவேண்டாம். அது புகையின் அடர்த்தியை அளப்பது. இழுபடும் பிரேக் அதில் தெரியாது.

கேள்வி கேட்டவர்: ஹட்டன்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நான்கு நாட்களாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

டயர் விடயத்தில் பண்டாரவளைத் தம்பி சொன்னது அப்படியே பொருந்திவிட்டது. என் வாகனத்தில் இருப்பது அவர் உதாரணத்தில் சொன்ன அதே பெரிய அளவுதான். இருபது கற்களுக்கு ஓடோமீற்றர் 19 கிலோமீற்றர்தான் காட்டியது. அதன்படி என் 246 உண்மையில் 259, லீற்றருக்கு 6.3. மனத்துக்குச் சிறிது ஆறுதல்.

நேற்று மாலை தூறலில் கொட்டகலையிலிருந்து திரும்பி வந்து கடை வாசலில் நிறுத்தியதும் சக்கரங்களைப் பார்க்க இறங்கினேன். கையைக் கொண்டுபோகவே தேவைப்படவில்லை. மூன்று சக்கரங்களின் இரும்பில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க, முன் இடது சக்கரம் மட்டும் உலர்ந்து கிடந்தது. அதன்மேல் விழுந்த துளிகள் மெல்லிய ஆவியாகிப் போயின. இன்று காலை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றியபோது, மறுபக்கச் சக்கரம் தாராளமாகச் சுழல, இது அரைச் சுற்றோடு நின்றுவிட்டது. பிரேக் கட்டைகளை அழுத்திப் பிடிக்கும் கலிபர் வழுக்கி நகரவேண்டிய ஊசிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. ரப்பர் உறை கிழிந்து நீண்ட நாளாகத் தண்ணீர் போயிருக்கிறது.

அதன் பிறகு தேமோஸ்டட் மூடியைத் திறந்தோம். பதுளை ஐயா, நீங்கள் சொன்னபடி உள்ளே ஒன்றுமில்லை. ஓரத்து ரப்பர் வளையத்தை மட்டும் கவனமாக வெட்டி வைத்திருக்கிறார்கள், தண்ணீர் கசியக்கூடாது என்பதற்காக. எட்டு மாதங்களாக அந்த ஊசியைப் பார்த்து, குளிர்நாட்டில் இயந்திரம் சுகமாக ஓடுகிறது என்று மகிழ்ந்திருந்தேன். இன்ஜெக்டர்களுக்குக் கொடுத்த பணத்தை நினைக்கும்போது வேதனையாக இருக்கிறது.

புதிய தேமோஸ்டட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். பொருத்துவதற்கு முன் அது நல்லதா என்று பார்க்க வழி உண்டா?

பதில்: பதுளை

உண்டு தம்பி. ஒரு பாத்திரத்தில் தண்ணீரை அடுப்பில் வைத்து, தேமோஸ்டட்டை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். அதன் உடலிலேயே திறக்கும் பாகை பொறித்திருக்கும். பெரும்பாலும் 82 அளவில் இருக்கும். அந்தச் சூட்டுக்கு அண்மையில் வால்வு மெல்ல விலகத் தொடங்கி, கொதிக்குமுன் நன்றாகத் திறந்து, வெளியே எடுத்து ஆறவிட்டதும் இறுக மூடவேண்டும். மூடாததைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொருத்தும்போது சிறிய காற்றுத் துளை மேல்பக்கம் வரவேண்டும், கூலன்ட் ஊற்றியபின் காற்றை முழுவதும் வெளியேற்றவேண்டும். வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றவேண்டாம். பிரேக் ஊசிகளுக்குச் சாதாரண கிறீஸும் வேண்டாம். அது ரப்பரை ஊதவைக்கும். அதற்கென்றே உள்ள சிலிக்கோன் கிறீஸைக் கேட்டு வாங்குங்கள்.

பதில்: தலவாக்கலை, தேயிலைத் தொழிற்சாலை இயந்திரப் பகுதி

குறை அகப்பட்டது மகிழ்ச்சி. ஆயினும் கம்பஹாவில் கிடைத்த 9 கிலோமீற்றரை ஹட்டனில் எதிர்பார்க்கவேண்டாம் என்று சொல்ல விரும்புகிறேன். சரக்குடன் 2,300 கிலோகிராம் வரும் வாகனத்தை 100 மீற்றர் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும், டீசலில் உள்ள சக்தியில் ஏறத்தாழ 30 சதவீதமே சக்கரத்துக்கு வந்துசேரும் என்று வைத்துக் கணக்கிட்டால், லீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். இறங்கும்போது அதில் ஒரு பகுதிதான் உருண்டோடத் திரும்பக் கிடைக்கிறது. பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் மிச்சம் சூடாகப் போய்விடுகிறது. எனவே பாரமே உங்களுக்கு முக்கியம். பின்தட்டில் நிரந்தரமாகக் கிடக்கும் பொருட்கள் ஏதாவது உண்டா? நகர வேகத்தில் காற்றுத் தடை சிறிய விடயம் என்பதால், கூரைச் சட்டம் இருந்தாலும் அதைப் பற்றி நான் கவலைப்படமாட்டேன்.

சரக்கு இறக்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். இந்த அளவு டீசல் இயந்திரம் சும்மா நின்றாலே மணிக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை எரிக்கும். பத்துக் கடைகளில் ஐந்து நிமிடப்படி நின்றால் நாளுக்கு ஐம்பது நிமிடங்கள். ஏற்றத்தில் வாகன வரிசையில் நிற்கும்போது கிளட்சில் தாங்கிப் பிடிக்காமல் கைப் பிரேக்கைப் போடுங்கள். மூன்றாம் கியரில் திணறவிடுவதை விட, இரண்டாம் கியரில் 1,600 முதல் 2,200 சுழற்சிக்குள் சீராக ஏறுவது இந்த இயந்திரத்துக்கு ஏற்றது.

பதில்: நுவரெலியா

பதுளை ஐயாவுக்கு நன்றி. இறக்கத்தில் கியரில் இருக்கும்போது டீசல் நின்றுவிடும் என்பது எனக்கு இதுவரை தெரியாது. நான் பழகியது பழைய லொறியில். இனி நியூற்றலில் இறங்கமாட்டேன்.

கேள்வி கேட்டவர்: ஹட்டன் (ஐந்து வாரங்களுக்குப் பின்)

தேமோஸ்டட்டை வீட்டு அடுப்பில் சோதித்தேன். தண்ணீரில் சிறு குமிழிகள் எழும்பத் தொடங்கியபோது நடுத்தட்டு நூலிழை அளவு விலகி, பின்பு சீராகத் திறந்தது, ஆறியதும் மூடிக்கொண்டது. பொருத்திய முதல் நாளே, டிக்கோயாவைச் சேர்வதற்குள் ஊசி பாதிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. சும்மா நிற்கும்போது ஆயிரத்தை ஒட்டி இருந்த சுழற்சி 800க்கு அண்மையில் இறங்கிவிட்டது. கலிபர் ஊசிகளையும் ரப்பர் உறைகளையும் இரண்டு பக்கமும் மாற்றினேன்.

பின்தட்டில், மழைக்காலத்தில் சக்கரம் வழுக்கக்கூடாது என்று முன்பு யாரோ சொன்னதைக் கேட்டுப் போட்ட இரண்டு மணல் மூடைகள் கிடந்தன; இறக்கிவிட்டேன். சரக்கு இருக்கும்போது அவை தேவையே இல்லை. கடை வாசலில் இயந்திரத்தை நிறுத்துகிறேன்.

மூன்று தடவை நிரப்பி எடுத்த கணக்கில் கடைசியாக வந்தது, 44 லீற்றருக்கு ஓடோமீற்றரில் 318 கிலோமீற்றர். கற்கணக்குப்படி திருத்தினால் 335, அதாவது லீற்றருக்கு 7.6. மற்ற இரண்டும் 7.4, 7.5 என வந்தன. ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் செய்ததால் எது எவ்வளவு கொடுத்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. டயர் தேய்ந்ததும் நிறுவனம் பொருத்திய அளவுக்கே திரும்ப எண்ணியிருக்கிறேன். அப்போது கற்களை மறுபடி எண்ணி இங்கே எழுதுகிறேன்.