50 பேர் ஆகிவிட்டோம்: ஷிப்டைக் குறைப்பதா, இன்சூரன்ஸ் கொடுப்பதா?

இர்விங் செல்வம்

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில் இரண்டு உணவகம் நடத்துகிறேன். ஒன்று இர்விங்கில், இன்னொன்று பிரிஸ்கோவில். தனித்தனி எல்.எல்.சி (சட்டப்படி தனித்தனி நிறுவனங்கள்), இரண்டுக்கும் நானே உரிமையாளர். முழுநேரம் 41 பேர். பகுதிநேரம் 19 பேர், அவர்கள் ஆளுக்கு மாதம் சுமார் 60 மணி நேரம் வருகிறார்கள். இதுவரை யாருக்கும் ஹெல்த் இன்சூரன்ஸ் கொடுத்ததில்லை. நானும் மனைவியின் கம்பெனி பாலிசியில்தான் இருக்கிறேன்.

போன வாரம் என் கணக்காளர், "2026-லிருந்து நீங்கள் ஒபாமாகேர் சட்டத்தின் கீழ் வந்துவிடுவீர்கள் போலிருக்கிறது, ஆறு பேரை வாரம் 34 மணியிலிருந்து 28 மணிக்கு இறக்கிவிடுங்கள், 30 மணிக்குக் கீழே போனால் அவர்கள் முழுநேரம் இல்லை" என்றார். 50 முழுநேர ஊழியர்களுக்குச் சமமாக ஆள் இருந்தால் முதலாளி ஹெல்த் இன்சூரன்ஸ் தர வேண்டும், இல்லையென்றால் அபராதம் என்பதுதான் அந்தச் சட்டம். சரியென்று புது ஷிப்ட் தாளை எழுதி கிச்சன் சுவரில் ஒட்டிவிட்டேன்.

இர்விங் கடையில் மாவு அரைக்கும் பகுதியில் ஏழு வருடமாக ஒருவர் இருக்கிறார். நேபாளத்துக்காரர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர், எல்லோரும் தீதி (அக்கா) என்றுதான் கூப்பிடுவோம். காலை ஐந்தரைக்கு வந்து கிரைண்டர் போடுவார். அவர் அந்தத் தாளின் முன் நின்று, ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, தன் பெயருக்கு நேரே இருந்த கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, போய் உளுந்தைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தாளைக் கழற்றிவிட்டேன். இப்போது எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. கடைகளைத் தனித்தனியாக எண்ணலாமா? நேரத்தைக் குறைத்தால் நிஜமாகவே 50-க்குக் கீழே வருவேனா?

ஹூஸ்டன் கலா

செல்வம் அண்ணா, சிறு நிறுவனங்களுக்கு பே-ரோல் பார்ப்பதுதான் என் தொழில். முதல் கேள்விக்கு பதில், முடியாது. உரிமையாளர் ஒருவரே என்றால் இரண்டு எல்.எல்.சி-யையும் ஒரே நிறுவனமாகச் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். நிறைய பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் தலையை மட்டும் எண்ணுவதில்லை, மணி நேரத்தையும் எண்ணுகிறது. பகுதிநேரக்காரர்கள் மாதத்தில் வேலை செய்த மொத்த மணி நேரத்தைக் கூட்டி 120-ஆல் வகுக்க வேண்டும். உங்களுக்கு 19 பேர், ஆளுக்கு 60 என்றால் 1,140 மணி. அதை வகுத்தால் 9.5. முழுநேரம் 41-உடன் சேர்த்தால் 50.5. வருடத்தின் பன்னிரண்டு மாதச் சராசரியைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால் 50. சட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள்.

இப்போது ஆறு பேரை 28 மணிக்கு இறக்குங்கள். முழுநேரம் 35. வாரம் 28 என்பது மாதத்துக்கு 121 மணி நேரம், கணக்கில் ஆளுக்கு 120 வரைதான் எடுத்துக்கொள்வார்கள். ஆறு பேருக்கு 720. பழைய 1,140-உடன் சேர்த்தால் 1,860. 120-ஆல் வகுத்தால் 15.5. அதோடு 35-ஐக் கூட்டுங்கள். மறுபடியும் 50.5! ஒரு புள்ளிகூட நகரவில்லை. தீதியின் சம்பளம்தான் குறைந்திருக்கும்.

உங்கள் கணக்காளர் சொன்னதில் ஒரு பாதி உண்மையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் யாருக்குமே இன்சூரன்ஸ் தராமல், உங்கள் முழுநேர ஊழியர் ஒருவராவது தனிநபர்கள் பாலிசி வாங்கும் அரசு சந்தையில் பிரீமியம் மானியம் வாங்கினால், ஐ.ஆர்.எஸ் (வரித்துறை) அபராதம் போடும். முழுநேர ஊழியர் எண்ணிக்கையில் முதல் 30 பேரைக் கழித்துவிட்டு, மிச்சம் ஒவ்வொருவருக்கும் 2026-இல் 3,340 டாலர். 41 பேர் என்றால் 36,740 டாலர். 35 பேர் என்றால் 16,700. அவர் இந்த வித்தியாசத்தைத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் வரிக் கணக்கில் அபராதத்தை வணிகச் செலவாகக் கழிக்க முடியாது, பிரீமியத்தைக் கழிக்கலாம்.

பழைய ஷிப்ட்காரி

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். 2015-இல் ஒரு பெரிய கடையில் வேலை செய்தேன். பெயர் வேண்டாம். நூற்றுக்கும் மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் அமலுக்கு வந்த வருடம் அது. 36 மணி நேரம் இருந்த எனக்கு 28 என்று போட்டார்கள். வாரக்கடைசியில் கூட்டம் நிறைந்து நேரம் நீண்டுவிட்டால் மேலாளர் ஓடி வருவார், "29-ஐத் தொடப் போகிறாய், பஞ்ச் அவுட் செய்" என்பார். வரிசையில் வாடிக்கையாளர்கள் நிற்க, ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

பணம் போதாமல் இன்னொரு இடத்தில் 20 மணி நேரம் சேர்ந்தேன். வாரம் 48 மணி நேரம் உழைத்தும் இரண்டு இடத்திலும் நான் பகுதிநேரம்தான், இரண்டு இடத்திலும் இன்சூரன்ஸ் இல்லை. தைராய்டு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டேன். செல்வம் சார், தாளைக் கழற்றியதற்கு நன்றி. அதை மறுபடி ஒட்டாதீர்கள்.

இர்விங் செல்வம்

அம்மா, படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத வரவில்லை. கட்டாயம் ஒட்ட மாட்டேன்.

கலா, நீங்கள் சொன்ன கணக்கை மனைவியும் நானும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம், அப்படியே வருகிறது. புரோக்கர் ஒரு கொட்டேஷன் தந்திருக்கிறார். ஆளுக்குச் சராசரி மாதம் 520 டாலர். ஊழியரிடம் இவ்வளவு வரை பிடிக்கலாம் என்று ஏதோ சதவீதம் சொன்னார். அந்த உச்ச அளவைப் பிடித்தால் என்னால் சமாளிக்க முடியும் என்று தோன்றுகிறது. சரிதானே?

தீதிக்கு மணிக்கு 14 டாலர். வீட்டில் அவரும் பள்ளிக்கூடம் போகும் மகளும் மட்டும்தான்.

ஹூஸ்டன் கலா

அண்ணா, அந்தக் கடைசி வரியை எழுதினீர்களே, அதற்காகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 28 மணி நேரம் அவரை என்ன செய்திருக்கும் என்று பாருங்கள். வாரம் 34 மணி, 14 டாலர் என்றால் வருடத்துக்கு 24,752. 28 மணி என்றால் 20,384. 2026 மானியத்துக்கு, இரண்டு பேர் உள்ள குடும்பத்தின் வறுமைக்கோடு 21,150 டாலர். அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் சந்தையில் மானியம் கிடையாது. அப்படிப்பட்டவர்களை ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகெய்ட் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துத்தான் சட்டத்தை எழுதினார்கள். ஆனால் 2012-இல் உச்ச நீதிமன்றம் மெடிகெய்ட் விரிவாக்கத்தை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது, டெக்சாஸ் அதை ஏற்கவே இல்லை. மகளுக்கு வழி கிடைக்கலாம். தீதிக்கு எதுவும் கிடைக்காது. நீங்கள் ஒட்டியிருந்த அந்தத் தாள் அவரை இந்தப் பள்ளத்தில் தள்ளியிருக்கும்.

அடுத்து, உச்ச அளவைப் பிடிப்பது. 2026-இல் அந்தச் சதவீதம் 9.96. மணிக்கூலிக்காரருக்கு மணிக்கூலியை 130-ஆல் பெருக்கி, அதில் 9.96 சதவீதம் எடுக்கலாம். தீதிக்கு 181 டாலர். சட்டப்படி அது "கட்டுப்படியாகும்" திட்டம். அப்படி ஒரு திட்டத்தை நீங்கள் நீட்டிவிட்டால், அவர் அதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சந்தை மானியம் போய்விடும். ஆனால் 24,752 வருமானத்துக்கு, மானியத்துக்கு அடிப்படையாக வைக்கும் சில்வர் திட்டமே அவருக்கு மாதம் சுமார் 43 டாலரில் கிடைக்கும். டிடக்டிபிளும், அதாவது இன்சூரன்ஸ் பணம் தருவதற்கு முன் நாம் கையிலிருந்து கட்டும் தொகையும், அதில் மிகக் குறைவு. நல்லது செய்கிறோம் என்று நினைத்து, 43 டாலர் பாலிசியைப் பிடுங்கிவிட்டு 181 டாலர் பாலிசியைக் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் உச்ச அளவைத் தொடாதீர்கள். அதை மீறக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம்.

பணத்தை மட்டும் பார்த்தால் அபராதம் கட்டுவதே உங்களுக்கு மலிவு, இதை மறைக்க நான் விரும்பவில்லை. 41 பேரில் 24 பேர் மட்டும் திட்டத்தில் சேர்ந்து, ஆளுக்கு 520-இல் 181-ஐப் பிடித்து மிச்சம் 339 டாலர் உங்கள் பங்கு என்றால்கூட வருடத்துக்கு 90,000 டாலரைத் தாண்டும். பங்கைக் கூட்டினால் இன்னும் ஏறும். ஆனால் ஏழு வருடம் மாவு அரைத்த கை போய்விட்டால் புது ஆளைப் பழக்க எத்தனை மாதம் ஆகும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு விஷயம். முதல் முறை 50-ஐத் தொடும் நிறுவனத்துக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. குறைந்தபட்ச மதிப்புள்ள (சட்டம் கேட்கும் அளவுக்காவது மருத்துவச் செலவை ஏற்கும்) திட்டத்தை ஏப்ரல் 1-க்குள் வழங்கிவிட்டால் ஜனவரி முதல் மார்ச் வரை அபராதம் இல்லை. அவசரப்பட்டுப் புரோக்கர் நீட்டும் முதல் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அப்புறம், திட்டம் தொடங்கிய பிறகு அதிலிருந்து ஒருவரைத் தள்ளிவைப்பதற்காக நேரத்தை வெட்டினால் ஊழியர் நலத் திட்டங்களுக்கான எரிசா சட்டத்தின் 510-ஆம் பிரிவில் வழக்கு வரலாம். கணக்காளரிடம் இதையும் சொல்லுங்கள்.

இர்விங் செல்வம்

இன்று காலை ஐந்தரைக்கே கடைக்குப் போனேன். தீதியிடம் இப்போது என்ன பாலிசி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். சந்தையில் வாங்கிய சில்வர் திட்டம்தான். பிரீமியம் இருந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார்.

34 மணி நேரம் அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டேன். மற்ற ஐந்து பேரிடமும் இன்று மாலைக்குள் சொல்லிவிடுவேன். திட்டத்தில் ஊழியர் பங்கு மாதம் 40 டாலருக்கு மேல் போகாமல், டிடக்டிபிளும் குறைவாக வருகிற மாதிரி எனக்கு எவ்வளவு ஆகும் என்று புதிதாகக் கணக்குக் கேட்டிருக்கிறேன். பிரிஸ்கோ கடைக்கு இந்த வருடம் வாங்க நினைத்த புது ஓவனைத் தள்ளிப்போட வேண்டிவரும். வியாழக்கிழமை கொட்டேஷன் வரும். வந்ததும் எண்களை இங்கே போடுகிறேன், கலா, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.